பதினேழாம் எண்ணின் பிற்பகல்கள்

மூன்று சமன்பாட்டுக்காரர் என்றுதான் மருத்துவமனையின் நான்காவது மாடியில் அவருக்குப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது; யாரும் அதைத் தேடிப் போகவில்லை. இருபது வருடம் ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், உலோகத் தகட்டில் வெப்பம் எப்படிப் பரவும் என்று கணக்குப் போட்டவர். அந்தக் கூடத்தை மூடியபோது, தகட்டில் வெப்பம் பரவுவதும் உடம்பில் மருந்து பரவுவதும் காகிதத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று சொல்லி இங்கே வந்து சேர்ந்தார். மனுஷன் சொன்னது பொய்யில்லை. காகிதத்தில் ஒன்றுதான்.

சர்க்கரை நோயாளிகள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன இயந்திரம் ஒன்றுக்கு மூளை செய்து தருவது அவர் வேலை. வயிற்றில் ஒட்டிய உணரி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சர்க்கரையை அளந்து சொல்லும். இன்னும் அரை மணியில் அது எங்கே போய் நிற்கும் என்று இயந்திரம் கணித்து, அதற்குத் தக்க இன்சுலினை உள்ளே விடும். அதற்கு மனித உடம்பைச் சமன்பாடுகளில் அடக்க வேண்டும். நம்மவர் மூன்றில் அடக்கினார்.

"இருபத்தாறு வருஷமா என் ஒருத்தியைப் புரிஞ்சுக்க முடியல, ஊர்ல இருக்கிற உடம்பையெல்லாம் மூணு வரியில எழுதிட்டாராம்" என்பார் மனைவி. அவரும் சேர்ந்து சிரிப்பார். பதினேழாம் எண் வந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

சோதனைக்கு இருபத்து நான்கு பேர் முன்வந்திருந்தார்கள். கணக்குப் போடுகிறவருக்குப் பெயர் தெரியக் கூடாது, எண்தான். இருபத்து மூன்று பேரின் அளவீடுகள் அவர் வரைந்த வளைகோட்டின் மேல் சமர்த்தாக வந்து உட்கார்ந்தன. பதினேழு மட்டும் முரண்டு பிடித்தது. காலையெல்லாம் ஒழுங்காக இருக்கும். பிற்பகல் இரண்டு மணி ஆனதும் சர்க்கரை மடமடவென்று இறங்கும். அந்த நேரத்தில் எல்லோரும் ஓய்வெடுக்க வேண்டும் என்பது விதி. பதினேழு நிரப்பிய தாளிலும் ஓய்வு என்றே எழுதியிருந்தது.

அந்தப் பிற்பகல்களைச் சேர்த்தால் சராசரிப் பிழை ஒன்பது சதவீதம், விட்டுவிட்டால் ஏழரை. எட்டுக்குக் கீழே வந்தால்தான் இயந்திரத்துக்கு அனுமதி. பதினேழின் பிற்பகல்களையெல்லாம் குறித்து, 'உணரிக் கோளாறு, நீக்கப்பட்டது' என்று எழுதினார். ஓர் உணரி, சோதனை நடந்த பன்னிரண்டு நாளும் சரியாக இரண்டு மணிக்கு மட்டும் கெட்டுப்போகுமா என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளாமல் இல்லை. கேட்டார், பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அனுமதி கிடைத்தது. சோதனைக்கு வந்தவர்களுக்கே முதல் இயந்திரங்களைக் கொடுத்தார்கள். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டியபோது அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு நான்கு மாதம் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. சோறு இறங்கியது, தூக்கமும் வந்தது. ஆனால் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் மட்டும் நெஞ்சு திக்கென்றது.

ஒரு நாள் பிற்பகல், சோதனையை நடத்திய டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்தில் ஒரு பெண் மயங்கி, சூடான இஸ்திரி உருளை மேல் சாய்ந்திருக்கிறார். கை வெந்துபோயிருந்தது.

"நம்ம பதினேழுதான்" என்றார் டாக்டரம்மா, அறை வாசலில். "ஓய்வுன்னு எழுதிட்டு, தினமும் ரெண்டு மணிக்கு ஈரத்துணி வண்டி தள்ளியிருக்காங்க. அப்பவும் தள்ளினாங்க, இப்பவும் தள்றாங்க. மெஷினைக் கழட்டிட்டுப் பேரை எடுத்துடலாம். அடுத்த வாரம் முந்நூறு பேருக்குக் கொடுக்கப் போறோம், இப்படி ஒருத்தரால பேர் கெட வேண்டாம்."

அந்த வண்டிக்காக லிஃப்ட் வாசலில் எத்தனையோ நாள் நம்மவர் ஒதுங்கி நின்றிருக்கிறார். வண்டியைத்தான் பார்த்தார், தள்ளியவரைப் பார்த்ததில்லை.

உள்ளே, முழங்கை வரை கட்டுப் போட்டிருந்த பெண் அவரைக் கண்டதும் எழப் பார்த்தார்.

"படுங்கம்மா, படுங்க."

"நீங்கதான் கணக்குப் போட்ட சாரா? மன்னிச்சிடுங்க சார். வேலைக்குப் போறேன்னு சொன்னா சேர்த்துக்க மாட்டாங்கன்னு பொய் எழுதிட்டேன். என்னால உங்க கணக்கே தப்பாப் போச்சு."

கூனிக் குறுகிப் போனார் மனுஷன். தலையை ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அந்தக் கோப்பை இனி யாரும் திறக்கப் போவதில்லை. சொல்லப்போனால், பாதி ஆட்டியும் விட்டார்.

"மெஷினைக் கழட்டிடுவாங்களா சார்?" என்றார் அந்தப் பெண். "அது வந்தப்புறம்தான் நாலு மாசமா காலையிலயாவது பயமில்லாம இருக்கேன்."

ஆட்டிய தலை நின்றது.

"தப்பு உங்களோடது இல்லம்மா" என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "தாள்ல நீங்க என்ன எழுதியிருந்தாலும், உங்க உடம்பு உண்மையைத்தான் சொல்லுச்சு. பன்னிரண்டு நாளும் சர்க்கரை இறங்கினதை நான் பார்த்தேன். பார்த்துட்டு அழிச்சேன். அதனால உடம்பு உழைச்சா என்ன ஆகும்னு இந்த மெஷினுக்குத் தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளுக்குப் போடுற மருந்தையே உங்களுக்கும் போட்டிருக்கு."

பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "அடுத்த வாரம் யாருக்கும் கொடுக்காதீங்க டாக்டர். நான் செஞ்சதை எழுதிக் கொடுத்துடறேன்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்தப் பெண் நம்மவர் பக்கம் திரும்பினார்.

"நான் பொய் சொன்னதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு சார். உங்களுக்கு என்ன காரணம்?"

எட்டுக்குக் கீழே வர வேண்டும் என்ற விதி, மேலிடத்து அவசரம், வயசு ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது என்று வாயில் என்னென்னவோ வந்தது. ஒன்றையும் அந்தக் கட்டுப் போட்ட கைக்கு முன்னால் சொல்ல முடியவில்லை.

"நீங்க இல்லாம கோடு அழகா வந்துச்சும்மா" என்றார்.

அந்தப் பெண் வெந்த கையை மெதுவாக மார்போடு இழுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.