சடுகுடு ஏழுமலையும் கண்ணுக்குள் போட்ட கண்ணாடியும்

கிட்ட வந்து குந்துங்க. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவனுக்கு ஊரில் யாருடைய முகமும் முழுசாகத் தெரியாது, மூக்கின் மேல் இருக்கும் தழும்புதான் தெரியும். தழும்போடு அலைகிற உங்களுக்குத்தான் இந்தக் கதை.

செங்கல்பட்டில் நான் கண்ணாடிக்குச் சாணை பிடித்த காலம், ஐம்பதுகளின் கடைசி. சனிக்கிழமைகளில் பட்டணத்திலிருந்து ஒரு கண் டாக்டரம்மா எங்கள் கடைக்கு வருவார். அவர் பெட்டியில்தான் அதைப் பார்த்தேன். மீன் செதில் அளவுதான், ஆனால் கண்ணுக்குள்ளேயே போட்டுக்கொள்ளும் கண்ணாடி!

எது பொருத்தம்?

அதைக் கேட்டு முதலில் வந்தவன் படாளம் ஏழுமலை. பஸ் கண்டக்டர், சடுகுடுவில் புலி. ஆனால் ஆட்டத்துக்காகக் கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா கம்பமா என்று தெரியாது. கடப்பாக்கத்துக்காரர்களிடம் மூன்று வருஷமாகத் தோல்வி. பொங்கல் பந்தயத்துக்கு இன்னும் ஒரே மாசம்.

டாக்டரம்மா மூன்று ஜோடி போட்டுப் பார்த்தார். கண்ணைச் சிமிட்டினால் ஒன்று வழுக்கி ஓடியது, ஒன்று லேசாக அசைந்தது, ஒன்று அசையவே இல்லை. "இதான்மா! ஆணி அடிச்சாப்புல கீது" என்று குதித்தான் ஏழுமலை. டாக்டரம்மா முதலில் கழற்றியது அதைத்தான்.

"கண்ணீர்ல மெதக்கணும்ப்பா. ஒட்டிக்கிட்டா கருவிழி புண்ணாயிடும், அப்புறம் டிக்கெட் கிழிக்கிற வேலையும் போயிடும்."

எதில் வைப்பது?

சோப்புப் போட்டுக் கை கழுவணும், தூங்கும்போது கழற்றணும், காற்றில் மணல் பறந்தால் போடவே கூடாது. எல்லாவற்றையும் அவன் பெண்டாட்டி மங்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். டாக்டரம்மா கொடுத்த டப்பி கண்டக்டர் பையில் நசுங்கிவிடும் என்று ஏழுமலை ஒரு தகர டப்பியை நீட்டினான். திறந்தால், விளிம்பெல்லாம் வெள்ளை. சுண்ணாம்பு டப்பி!

"கழுவிட்டேன் அண்ணாத்த!" என்றான். மங்கா அதைப் பிடுங்கித் தெருவில் வீசினாள்.

"இவுருக்குக் கண்ணு இன்னாத்துக்கு? வெத்தல போதும்!"

மண்ணைத் தொட்டு

பந்தய நாள். கடப்பாக்கத்து மணல். நல்லவேளை, காற்று அடங்கியிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு ஏழுமலை கண்ணாடியைப் போட்டான். "அண்ணாத்த, அவனுங்க மீச கூடத் தெரியுது!" என்று கத்தினான்.

அவன் கோட்டுக்குப் போன பிறகுதான் என் புத்திக்கு எட்டியது. எல்லாம் சொல்லிக் கொடுத்தேன், ஒன்றை மறந்துவிட்டேன். களத்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொள்ளாமல் எந்தச் சடுகுடுக்காரன் இறங்குவான்?

குனிந்தான். விரலெல்லாம் மணல். "டேய், வேணாண்டா!" என்று அலறினேன். பறைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கை புருவம் வரைக்கும் போய்விட்டது. அங்கேயே நின்றது. அவனுக்கும் ஞாபகம் வந்துவிட்டது போல. ஒத்தினால் கண் போச்சு. ஒத்தாமல் இறங்கினால் சாமி குத்தம் என்று கூட்டமே பிடித்துக்கொள்ளும்.

அதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மங்கா ஓடினாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அந்த மணல் விரல்களைத் தன் இரண்டு கண்ணிலும் அழுத்தி ஒத்திக்கொண்டாள். கூட்டம் "ஹோ"வென்றது. அடுத்த மூச்சில் ஏழுமலை மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். கேட்க வேண்டுமா, ஜெயிப்புதான்! ஆனால் என் காதில் இன்னும் இருப்பது, பறை நின்ற அந்த நொடியில் அவன் கையை விட்டபடி மங்கா சொன்னது.

"யார் கண்ணுல ஒத்துனா இன்னா, சாமிக்குத் தெரியும். நீ போய் ஆடுய்யா!"

கண்ணுக்குள் கண்ணாடி போட்டவன் கண் பளிச்சென்று இருக்க, மறுநாள் கண் சிவந்து எங்கள் கடைக்கு வந்து நின்றது, கண்ணாடியே போடாத மங்காதான்.