புரோட்டானுக்கும் ஈரக் கழிவு

எலக்ட்ரானைப் புரோட்டான் மேல் ஏவி, சிதறி வருவதை எண்ணுகிறவர்களுக்குப் புகழ் கிடைக்கும். அந்த எண்ணிக்கையில் எவ்வளவு பிசகு என்று காகிதத்தில் கணக்குப் போடுகிறவர்களுக்குக் கண்ணாடிதான் தடிக்கும். என்னைப் போல் இந்தத் திருத்தக் கணக்கில் மாட்டிக்கொண்ட சகோதரர்களே, கேளுங்கள். எழுபதுகளின் கடைசியில், பட்ட ஆய்வுக் கணக்கோடு மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு வந்திருந்தேன். விடுமுறைக்குள் விடை வராவிட்டால் படிப்பு போச்சு. கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி வேலை தருவதாகத் தோட்டத்தை நடத்தும் துரை அப்பாவிடம் சொல்லியிருந்தார்.

அம்மாவின் கண்டுபிடிப்பு

அம்மா கொழுந்து பறிப்பவர். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். யாரோ அளந்ததைச் சரிசெய்கிறேன் என்றேன். கொழுந்தை நிறுக்கும்போது கூடைக்குக் கொஞ்சம், மழை ஈரத்துக்குக் கொஞ்சம் என்று எடையில் கழிப்பது தோட்டத்து வழக்கம். அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "கழிவு போடுற வேலைன்னு சொல்லு லா!"

வாசலில் மனு

ஈரக் கழிவை முடிவு செய்ய யூனிவர்சிட்டியிலிருந்து ஆள் வந்திருப்பதாக மறுநாள் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயம் முழுக்கப் பேச்சு. பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா நனைந்த கூடையோடு வாசலில் நின்றார். என் கணக்கு எலக்ட்ரானைப் பற்றியது என்று சத்தியம் செய்தேன். "அதுல எவ்ளோ வேணும்னாலும் கழிச்சுக்குங்க தம்பி, எங்க கொழுந்துல கை வைக்காதீங்க."

பெரிய விடை

கணக்கோ முரண்டு பிடித்தது. திருத்தம் எவ்வளவு என்றால் முடிவிலி என்றது. தானா ராத்தா டவுனுக்குப் போகும் வழியில் லோரி டிரைவர் முனியாண்டியிடம் புலம்பினேன். முடிவிலி என்றால் எந்த எண்ணையும்விடப் பெரிசு என்று விளக்கினேன். அவர் வளைவில் ஹாரன் அடித்துவிட்டுக் கேட்டார்: "பெரிசா வந்தா நல்லதுதானே, ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க?"

சின்ன விடை

மோதித் திரும்பும் எலக்ட்ரான் கொஞ்சம் வெளிச்சத்தைச் சிந்திவிட்டுப் போகும். கருவிக்கு அது தெரியாது. அந்தச் சிந்தலையும் கணக்கில் சேர்த்தேன். அதுவும் முடிவிலிதான், ஆனால் எதிர்க்குறியோடு வந்தது. இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ள, அடக்கமான ஒரு சின்ன எண் மிஞ்சியது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளிச்சம் சிந்தி இளைத்துப்போன எலக்ட்ரான்களைக் கருவி எண்ணாமல் விட்டிருக்கிறது, அவற்றைத் திரும்பச் சேர்க்க வேண்டும், அதுதான் விடை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "கழிக்கல, சேத்துக் குடுக்குறியா? அப்போ ஒன்னைய எந்தத் துரைப்பா கிராணியா வச்சுக்குவாரு!"

அம்மா சொன்னபடியே எந்தத் துரையும் என்னை எடுக்கவில்லை, புரோட்டானுக்குக் கிராணியாகவே என் காலம் ஓடிவிட்டது.