என் வீட்டு நிலைப்படி

"வாசல்ல ஒரு வெரலு ஒசரம் கூடத் தடுக்காது. நீ பாட்டுக்கு உருட்டிக்கினு போயிடலாம், பாரும்மா."

ஒன்றிய அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும் அண்ணன் சொன்ன வார்த்தை இது. யார் எது சொன்னாலும் ரசித்து மனதில் வைத்துக்கொள்கிறவள் நான். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பூரித்தேன்.

மணலூர்பேட்டைப் பக்கத்தில் எனக்கு அரசுத் திட்டத்தில் வீடு வந்திருந்தது. சக்கர நாற்காலியில் இருப்பவளின் வீடு என்பதால் வாசலுக்குச் சாய்தளம் வேண்டும், கதவு அகலமாக இருக்க வேண்டும், கீழே படி குறுக்கிடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதிகாரி விளக்கியதை அண்ணனும் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். கட்டட வேலையை அவரிடமே விட்டேன்.

பால் காய்ச்சும் நாளன்று யாரையும் தொடவிடாமல் சாய்தளத்தில் நானே ஏறினேன். கதவருகே சக்கரம் முட்டி நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்த நிலைப்படி ஒன்று குறுக்கே கிடந்தது.

"இன்னாண்ணா இது?"

"வாசப்படி இல்லாம அது இன்னா வூடும்மா? வெள்ளிக்கிழமையில மஞ்ச எங்க பூசுவ? நல்ல நாள் பார்த்து, நவதானியம் போட்டுத்தான் நிலை வச்சோம்."

நிலை வைத்த அன்றைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்களாம். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"அறுத்துடச் சொல்லுண்ணா."

"பூஜை போட்டதுல ரம்பம் வைக்கிறதா? எம் பொண்ணுக்கு வரன் பார்த்துக்கினு இருக்கேன், தெரியும்ல?" என்றவர், நாற்காலியோடு என்னைத் தூக்கினார்.

"பொண்டாட்டிய ஒரு நாள் தூக்கல, தங்கச்சியத் தூக்கறான் பாரு!" என்றார் பெரியம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை கடைக்குப் போக வேண்டியிருந்தது. படிக்கு உள்பக்கம் இருந்தபடியே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"கரும்பு வெட்டு நடக்குதும்மா. சாயங்காலமா வரேன். அதுக்குள்ள வெளிய இன்னா வேல உனக்கு?"

தைத்த ரவிக்கையை வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம், படியை அறுக்க ஆள் கிடைக்குமா என்று கேட்டேன்.

"ஐயய்யோ, அந்தப் பாவம் நமக்கு வேணாம் கண்ணு."

ரவிக்கையைப் படிக்கு மேலாக நீட்டினேன். வாங்கிக்கொண்டவர், குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.