பிரேக்குக்கு ஊற்றிய ஸ்பிரிட்

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஊரைக் காலி செய்துகொண்டு கப்பலேறிய ஒரு மில் துரையிடமிருந்து அந்தப் பந்தயக் காரை வாங்கினேன். இரண்டு பேர் உட்காரலாம். சிவப்பு நிறம், மடக்குக் கூரை. துறைமுகத்தில் சரக்கு இறக்கிக் கொடுக்கும் ஏஜெண்டுக்கு எதற்கு இந்தக் கூத்து என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். பறக்கத் தெரிந்த வண்டிக்கு நிற்கத் தெரியவில்லை. பிரேக்கெல்லாம் கம்பிக் கயிறு. மிதித்தால் ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றது யோசிக்கும்.

"முன்சக்கரம் ரெண்டுக்கும் கம்பிய எடுத்துட்டு எண்ணெய் பிரேக் வச்சிருவோம் அண்ணாச்சி. பட்டாளத்து உடைசல் வண்டியில சாமான் கிடைக்கி," என்றார் மேஸ்திரி.

அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; இருந்தும் என்னை அண்ணாச்சி என்பார். துறைமுக ஒர்க்‌ஷாப்பில் பெரிய கைக்காரராக இருந்தவர். குடியால் வேலை போயிற்று. பிறகு மாதா கோயிலில் சத்தியம் செய்து, குடியைத் தொட்டு ஒரு வருஷம் ஆகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். உப்புக் கம்பெனி மேனேஜர் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: இந்தக் காருக்குப் பிரேக்கைச் சரியாக மாற்றிக் காட்டினால் லாரி ஷெட்டில் வேலை. மூன்று பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுப் பின்கட்டு ஷெட்டில் வேலை ஆரம்பமாயிற்று. பிரேக் எண்ணெய் அப்போது கிடைக்காது. விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்ற வேண்டும் என்றார். விளக்கெண்ணெய் சரி. ஸ்பிரிட் என்றதும் எனக்குள் மணி அடித்தது.

சந்தேகம் எங்கள் வீட்டுச் சொத்து. என் தகப்பனாருக்கு முத்துக்குளிப்புக் காலத்தில் காவல் வேலை. அழுகிய சிப்பியை ஆட்கள் தோணியில் போட்டு அலசும்போது, எவனும் முத்தை விழுங்கிவிடாதபடி, கையை வாய்ப் பக்கம் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் கையால் ஓட்டக் கூடாது. சோற்றில் கைவைக்கும்போதுகூட எங்களை அவர் அப்படித்தான் பார்ப்பார். அந்தக் கண் எனக்கும் வந்திருந்தது.

ஸ்பிரிட் பாட்டிலை நானே வாங்கி வந்து, லேபிளில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் மூன்று விரல்கடை இறங்கியிருந்தது. கேட்டேன்.

"ரப்பர் கழுவுனேன். குழாய்க்குள்ள காத்து நிக்கி, அது போற மட்டும் ஊத்தி ஊத்தி வெளியே விடணும்லா," என்றார்.

எண்ணெய் கசியாமல் தடுக்கச் சிலிண்டருக்குள் குட்டிக் குட்டி ரப்பர் கிண்ணங்கள் உண்டு. அவற்றைக் கழுவினாராம். மற்றச் சாமான்களையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவுகிறவர், ரப்பருக்கு மட்டும் ஸ்பிரிட்டா? போதாததற்கு வாயில் எப்போதும் கிராம்பு. பழைய ஞாபகம் வராமலிருக்க என்பார். வாடை தெரியாமலிருக்க என்று நான் நினைத்தேன். கதவையும் சாத்திக்கொண்டுதான் வேலை செய்வார். மணல் விழக்கூடாதாம். சாவித்துவாரம் வழியாகக்கூடப் பார்த்தேன். குனிந்த முதுகுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாளும் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கால் டம்ளர் மண்ணெண்ணெயை அந்தப் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். இனி யார் குடிப்பான் என்று பார்ப்போம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஷெட்டில் எல்லாமே மண்ணெண்ணெய் வாடை. அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. சாயங்காலம் பாட்டில் வழக்கம்போலவே இறங்கியிருந்தது. புத்தியுள்ளவன் அங்கேயே உண்மையைப் புரிந்துகொண்டிருப்பான். நான், 'அடப்பாவி, மண்ணெண்ணெய் கலந்துமா குடிக்கிறார்' என்று நினைத்தேன்.

வேலை முடிந்தது. கடற்கரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். மிதித்த இடத்தில் வண்டி நின்றது. மேஸ்திரி இறங்கிப் போய் முன்சக்கரத்தைத் தட்டிக் கொடுத்தார். பத்து நாள் ஓடட்டும், பிறகு கொண்டுவந்து காட்டு என்று மேனேஜர் சொல்லி அனுப்பினார்.

பத்தாம் நாள் காலையில், பெடல் கொஞ்சம் கீழே போகிறது என்று மேஸ்திரி மறுபடி எண்ணெய் விட்டுக் காற்றெடுத்தார். சட்டையிலெல்லாம் ஸ்பிரிட் தெறித்திருந்தது. மாற்றிக்கொள்ள நேரமில்லை. அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உப்புக் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் மிதித்தார். பெடல் தரைக்குப் போயிற்று. இன்னொரு தரம் மிதித்தார். ஒன்றுமில்லை. எதிரே உப்புச் சுமந்து வந்த பெண்கள் வரிசை. கைப்பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, உப்புக் குவியலில் கொண்டுபோய் மோதினார். யாருக்கும் ஒன்றுமில்லை. அவருடைய மணிக்கட்டு மட்டும் முறிந்தது.

மேனேஜர் ஓடி வந்தார். மேஸ்திரியைத் தூக்கக் குனிந்தவர் சட்டையை மோந்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீ இன்னும் விடலையாலே?"

"குடிக்கல ஸார். பிரேக்குக்கு ஊத்துனது மேல பட்டுருக்கு." மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, கூடவேதான இருந்திய. நான் குடிச்சேனா? சொல்லுங்க."

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை நாளாக வளர்த்த சந்தேகம் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

மேனேஜர் திரும்பி ஆபீசுக்குள் போய்விட்டார். லாரி ஷெட் வேலையும் அதோடு போயிற்று.

நாலு நாள் கழித்து, கையில் கட்டோடு மேஸ்திரி என் ஷெட்டுக்கு வந்தார். பிரேக் ஏன் போயிற்று என்று தெரியாமல் தூக்கம் வரவில்லையாம். அவர் சொல்லச் சொல்ல நான்தான் சிலிண்டரைக் கழற்றினேன். உள்ளேயிருந்த ரப்பர் கிண்ணங்கள், ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கொழகொழத்துப் போயிருந்தன. விரல் வைத்ததும் பிய்ந்தன. அவர் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார்.

"மண்ணெண்ணெய் பட்டுருக்கு அண்ணாச்சி. அது பட்டா ரப்பர் நிக்காது. சிலிண்டரைக் கழுவிட்டு நான் சரியாத் துடைக்கல போலுக்கு. அத்தனை பொம்பளையளையும் கொல்லப் பாத்தேனே."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே என்னைத் தேற்றுகிற மாதிரி பேசினார்.

"நீங்க தெரியாதுன்னு சொன்னதுல எனக்கு வருத்தமில்ல. பாக்காததை எப்படிப் பாத்தேன்னு சொல்லுவிய? நேர்மையான மனுசன் அப்படித்தான் சொல்லுவான்."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.