ஃபெயில் ஆகவே ஆகாத டெஸ்ட்

போன வாரம் வந்த ஒரு மெயில் என்னைச் சாப்பிட விடவில்லை. ஒரே வரிதான். ‘இந்த விடைகள் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தன?’

குழந்தை பிறந்ததும் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு விருத்தாசலம் வந்தவள் நான். படித்ததெல்லாம் மறந்துவிட்டதோ என்று உள்ளுக்குள் ஒரு பயம். அதனால்தான் உலக வரைபடத்தில் தூரக் கணக்குகள் போடும், பைதான் என்ற கணினி மொழியில் எழுதிய ஓர் இலவசப் புரோகிராமுக்கு உதவப் போனேன். யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். நான் டெஸ்ட் எழுதுவதாகச் சொன்னேன். அதாவது, விடை தெரிந்த கேள்வியைக் கொடுத்து, புரோகிராமும் அதையே சொல்கிறதா என்று பார்ப்பது. நம் ஜங்ஷனிலிருந்து வேப்பூர் நேர்கோட்டில் எவ்வளவு தூரம்... இப்படி.

எழுதினேன். எல்லாமே பாஸ்! வீட்டுக்காரரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அனுப்பியதும் அந்தப் புரோகிராம்காரர்களிடமிருந்து வந்ததுதான் அந்த மெயில்.

விடை எங்கிருந்து வந்தது? புரோகிராமை ஓடவிட்டு, அது சொன்னதையே ‘சரியான விடை’ என்று எழுதி வைத்திருந்தேன். பிறகு எப்படி ஃபெயில் ஆகும்?

அன்று சாயங்காலம் எல்.கே.ஜி. விட்டு வந்த மகளிடம் வழக்கம்போல, “எல்லாத்தையும் சாப்புட்டுட்டல்ல?” என்றேன். தலையாட்டினாள். மாமியார் டப்பாவைத் திறந்து காட்டினார். இட்லி அப்படியே இருந்தது.

“பதிலையும் நீயே சொல்லிக் குடுத்துட்டுக் கேட்டா, புள்ள தலைய ஆட்டாம என்னம்மா பண்ணும்?”

கால்குலேட்டரோடு உட்கார்ந்து எல்லா விடைகளையும் நானே போட்டேன். ஒரு டெஸ்ட் ஃபெயில். பசிபிக் கடலில் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள் இரண்டு. நடுவே தேதி மாறும் கோடு. புரோகிராம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உலகத்தையே சுற்றிக்கொண்டு போனது — வேப்பூருக்கு டெல்லி வழியாகப் போவதைப் போல.

யார்மேல் சந்தேகம் வரும்? என்மேல்தான். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் என் விடையை அழித்துவிட்டு அதன் விடையை எழுதக் கை போய்விட்டது.

“அது தப்பா இருக்கக் கூடாதா?” என்றார் வீட்டுக்காரர்.

“அத எழுதுனவங்கள்லாம் பெரிய ஆளுங்கங்க.”

“பெரிய ஆளுங்கன்னா... தீவு நவுந்து போயிடுமா?”

என் விடையை மாற்றாமலே அனுப்பினேன். விஷயம் இரண்டு வரி, மன்னிப்பு ஒரு பாரா. பதில் வந்தது: பிழை எங்களுடையது, திருத்திவிட்டோம், உங்கள் டெஸ்ட்டுகளைச் சேர்த்துக்கொண்டோம். மன்னிப்பு எதற்கென்றுதான் புரியவில்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

இப்போதெல்லாம் மகளிடம் கேட்பதில்லை. நேராக டப்பாவைத் திறந்துவிடுகிறேன். நேற்று நான் கிண்டிக் கொடுத்த உப்புமா அப்படியே இருந்தது. டெஸ்ட் ஃபெயில் ஆனால் தப்பு என்னுடையதாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? நிமிர்ந்து நின்றேன்.

மாமியார் ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்து முகம் சுளித்தார்.

என்னுடையதுதான்.