கால் காட்டும் நேரம்

பனிமலையில் நாங்கள் இருந்த காவல் முகாமில் சாயங்காலம் ஒரு வேலை உண்டு. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, மூன்றடுக்குச் சாக்ஸையும் உரித்து, ஒருவன் காலை இன்னொருவன் பார்க்க வேண்டும். பாசத்தால் அல்ல, உத்தரவு. அந்தக் குளிரில் விரல் முதலில் வலிக்கும், பிறகு மரத்துப்போகும். மரத்ததைக் கவனிக்காமல் விட்டால் கறுத்துப்போய் வெட்டி எடுக்க வேண்டியதாகிவிடும். அவனவன் தன் காலைப் பற்றி உண்மை சொல்லமாட்டான் என்பதால்தான் அடுத்தவனைப் பார்க்கச் சொன்னார்கள்.

என் ஜோடி வடக்கே மலைநாட்டுக்காரன். அவனுக்குத் தமிழ் தெரியாது, அவன் பேசிய இந்தி எனக்குப் பாதிதான் புரியும். "பாவ் திகா" என்பான். காலைக் காட்டு என்று அர்த்தம். கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்துவான், தொடுவது தெரிந்தால் நான் "ஹாங்", அதாவது ஆமாம், சொல்ல வேண்டும். பத்து விரலுக்குப் பத்து ஹாங். அப்புறம் என் பாதங்களைத் தூக்கித் தன் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துச் சூடேற்றுவான். முதல் நாள் கூச்சத்தில் நெளிந்தேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

ஒரு நாள் வலது கால் சுண்டுவிரலில் ஒன்றுமே தெரியவில்லை. நான் ஹாங் என்றேன். கீழே அனுப்பிவிட்டால் தாக்குப்பிடிக்காதவன் என்று பேர் வந்துவிடும், அந்த வீம்பு. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை அழுத்தினான். மறுபடியும் ஹாங் என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் அதிகாரியிடம் சொல்லிவிட்டான். மறுநாள் என்னை ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். விரல் பிழைத்தது. மேலே திரும்பி வந்த பிறகு பதினோரு நாள் நான் அவனோடு பேசவில்லை. சாயங்காலம் காலை மட்டும் நீட்டுவேன், அவனும் அழுத்திப் பார்ப்பான்.

பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் முடித்துவிட்டு, வில்லியனூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தேன். நான் வந்த சில வருஷத்தில் மனைவி கிளம்பிவிட்டாள். சண்டை எதுவும் இல்லை. பெங்களூரில் மகளுக்குக் குழந்தை பிறந்தது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆறு மாதம் என்று போனவள், இரண்டு வருஷமாகிறது. நான் பட்டாளத்தில் இருந்தபோது அவள் இந்த வீட்டில் தனியாக இருந்தாள், இப்போது என் முறை என்று, கேட்கிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வேன். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தால் அந்தச் சிரிப்பு இருப்பதில்லை. ஒரு ஆள் சாப்பாட்டுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் குடிக்கிறேன்.

அந்த வீட்டுக்குள் இருக்க முடியாமல்தான் ஓட ஆரம்பித்தேன். திருபுவனையில் ஒரு ஆலையில் எனக்கு வாசல் காவல் வேலை. ஆளுங்களெல்லாம் பஸ்ஸிலும் பைக்கிலும் வருவார்கள், நான் விழுப்புரம் ரோட்டோரமாக ஓடியே போவேன். போய்க் குளித்துவிட்டுச் சீருடை மாட்டிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வயல்வழியாகச் செல்லிப்பட்டு ஆற்றங்கரை வரை போய்த் திரும்பினால் இருபது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஆற்றில் தண்ணீர் இருந்தால் ஐந்து நிமிஷம் நிற்பேன். பேச ஆள் இல்லாதவனுக்குத் தூரம் ஒரு வசதி, மூச்சு வாங்கும்போது பேச வேண்டியதில்லை.

பாண்டியில் ஓடுகிற கூட்டத்தார் எப்படியோ என்னைக் கண்டுபிடித்தார்கள். கையில் கடிகாரமும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக இருப்பவர்கள், நல்லவர்கள். அவர்களோடு போய் ஒரு பன்னிரண்டு மணி நேர ஓட்டத்தை முடித்தேன். என் வயதில் பாதி இருந்தவனெல்லாம் ஓரமாக உட்கார்ந்துவிட்டான். அடுத்த கூட்டத்தில் என்னை மேடையேற்றி, மன உறுதி பற்றிப் பேசச் சொன்னார்கள். வலி காலில் இல்லை, மனசில் இருக்கிறது, அதை மதிக்காமல் விட்டால் அது போய்விடும் என்று பேசினேன். கைதட்டினார்கள், சால்வை போட்டார்கள். நான் பொய்யாகப் பேசவில்லை. அந்த ஒரு வருஷமாக எவ்வளவு ஓடினாலும் எனக்குப் பாதம் வலித்ததே இல்லை. வலியை ஒருவழியாக ஜெயித்துவிட்டேன் என்றே நம்பினேன். அடுத்த வருஷம் இருபத்து நாலு மணி நேர ஓட்டத்துக்குப் பேரும் கொடுத்தேன்.

அந்த நம்பிக்கை ஆலை வாசலில் உடைந்தது. உள்ளே போகிறவர்களைத் தடவிப் பார்க்க எங்களிடம் ஒரு கருவி உண்டு, இரும்பு இருந்தால் கத்தும். ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஓடி வந்து நின்றபோது, வேலை முடிந்து கிளம்ப இருந்த இன்னொரு காவலாளி, வயதில் சின்னவர், விளையாட்டாக அதை என் மேல் ஓட்டினார். இடது பாதத்துக்கு வந்ததும் அது கத்தியது.

"இன்னா சார், பட்டாளத்துல வாங்கின குண்டு உள்ளயே கீதா?" என்றார்.

நானும் சிரித்துக்கொண்டேதான் ஷூவைக் கழற்றினேன். சாக்ஸின் அடிப்பக்கம் கறுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. ஷூவுக்குள் கையை விட்டால், அடியிலிருந்து ஏறி நுனி நீட்டிக்கொண்டிருந்தது ஒரு ஆணி. லாரிப் பலகையில் அடிக்கிற ஆணி. அதன் தலை ரோட்டில் தேய்ந்து பளபளவென்று இருந்தது. எத்தனை நாளாக அதன்மேல் மிதித்து ஓடினேன் என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வலிக்கலியா சார்?" என்று கேட்டார்.

மூலக்குளத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், சர்க்கரை என்றார். ரொம்ப நாளாக இருந்திருக்க வேண்டும் என்றார். பிறகு என்னைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் நரம்பு ஒன்றால் பாதத்தைத் தொடுவேன், தெரிந்தால் சொல்லுங்கள் என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். பனிமலையில் செய்ததையே செய்தேன். "தெரியுது" என்றேன்.

"நான் இன்னும் தொடவே இல்லை" என்றார் அவர்.

ஐம்பது வயது தாண்டியவன், பள்ளிக்கூடத்தில் காப்பியடித்து மாட்டிக்கொண்டவன்போலக் கிடந்தேன். அப்புறம் உண்மையாகச் சொன்னேன். பத்து விரலில் மூன்றுதான் தெரிந்தது. நான் ஜெயித்ததாக நினைத்த வலி தோற்றுப்போகவில்லை, என் காலை விட்டே போயிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். எனக்கு அந்த உபதேசமே நோயாக இருந்திருக்கிறது.

புண் ஆறும்வரை ஓடக்கூடாது, தினமும் இரண்டு பாதத்தையும் அடி, விரலிடுக்கு எல்லாம் பார்க்க வேண்டும், விட்டுவிட்டால் விரலில் தொடங்கிக் கால்வரை எடுக்க நேரிடும் என்றார். "நீங்களே பார்த்தா சரியா தெரியாது. வீட்ல யாரு இருக்காங்க?"

"இருக்காங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் காலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கிட்டப் போனால் மூக்குக்கண்ணாடிக்குத் தெரியவில்லை, எட்டப் போனால் முதுகு வளையவில்லை. அந்தச் சின்ன வட்டத்துக்குள் யாருடைய காலோ மாதிரி ஒரு துண்டு தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆணி ஏறியதற்கு வரவில்லை, இந்தக் காலைப் பார்க்க ஒரு ஆள் இல்லையே என்பதற்கு வந்தது. என் ஜோடியின் பழைய நம்பரைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் இந்தியில் சொன்னது, அது முழுசாகப் புரிந்தது.

மனைவி தினமும் ஏழு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவாள். இன்னா சாப்ட்டீங்க, கரண்டு இருக்குதா, ஓடனீங்களா என்று கேட்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோலப் பதினாறு நாள் காலைக் கட்டிலுக்கடியில் மறைத்துக்கொண்டு, "ஓடனேன், ஒண்ணும் இல்ல" என்றேன். பதினேழாம் நாள் கட்டு நனைந்திருந்தது. புண் ஆறுகிறதா அழுகுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஏழு மணிக்குப் போன் அடித்தது. பன்னிரண்டு மணி நேர ஓட்டத்தில் கடைசி மணி நேரம்கூட அவ்வளவு கஷ்டமாக இல்லை. "ஒண்ணு காட்டணும்" என்று சொல்லி, போனைத் தண்ணி டம்ளரில் சாய்த்துவைத்துக் கட்டை அவிழ்த்தேன்.

அவள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"எப்பலேர்ந்து?"

"பதினாறு நாளாச்சு."

"பதினாறு நாளா ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னீங்க" என்றாள். திட்டவில்லை. "லைட்டுக்குக் கிட்ட காட்டுங்க. இன்னும் தூக்குங்க. வெரல விரிங்க." ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். "ஓரத்துல சேப்பா கீது. நாளைக்கே டாக்டராண்ட போங்க" என்றாள். மறுநாளே போனேன். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஒரு விரல் போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

அதிலிருந்து தினமும் ஏழு மணிக்குச் சாப்பாட்டு விசாரணைக்கு முன்னால் கால் விசாரணை. புண் ஆறத் தொடங்கியது. ஓட்டத்துக்குக் கொடுத்த பேரை வாபஸ் வாங்கிவிட்டேன், கேட்டவர்களிடம் காரணத்தையும் சொன்னேன்.

போன வாரம் ஒரு நாள், அவள் என் காலைப் பார்த்து முடித்ததும், பழைய பழக்கம் என் வாயில் வந்தது. "சரி, உன் காலைக் காட்டு" என்றேன்.

"இன்னாத்துக்கு? எனுக்கு இன்னா?"

"காட்டுடி."

முனகிக்கொண்டே போனைக் கீழே திருப்பினாள். முப்பது வருஷமாகிறது கல்யாணமாகி, அவள் உள்ளங்காலை நான் பார்த்ததில்லை. கொலுசைப் பார்த்திருக்கிறேன், மெட்டியைப் போட்டுவிட்டிருக்கிறேன். குதிகாலெல்லாம் வெடிப்பு. இடது பாதத்தின் நடுவில் குறுக்காக ஒரு நீளத் தழும்பு.

"இது இன்னா?"

"அதுவா. கரும்பு வெட்டின கழனியில கட்டை ஏறிடுச்சு. ஏழு தையல். நீங்க பனிமலையில இருந்தப்ப."

"எனக்குச் சொல்லவே இல்லியே."

"உங்களுக்கு வாரத்துக்கு அஞ்சு நிமிசம் போனு. இத சொன்னா மீதி நிமிசத்துல நீங்க இன்னா பேசுவீங்க? அதான் ஒண்ணும் இல்லன்னுட்டேன்."

தினமும் சாயங்காலம் ஒருவன் என் பத்து விரலையும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், இவள் ஏழு தையலோடு இந்த வீட்டில் தனியாக நொண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சம்பாதித்த மன உறுதிக்குச் சால்வை கிடைத்தது. அவளிடம் நான் கேட்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஒவ்வொன்றாக அழுத்தச் சொன்னேன்.

"நானே அமுக்கிக்கினு நானே கண்ண மூடிக்கறதுக்கு எனுக்கு இன்னா பைத்தியமா" என்று சிரித்தாள். ஆனாலும் அழுத்தினாள். சில விரலுக்கு ஆமாம் என்றாள். தழும்புக்குப் பக்கத்து விரலில் நின்றாள். "அமுக்கறது கைக்குத் தெரியுது, காலுக்குத் தெரியல. இது அப்பலேர்ந்தே அப்படித்தான்."

"மத்தது?"

"குதிகாலு கொஞ்ச நாளா மரத்துப்போன மாதிரி கீது, ரெண்டு கால்லயும். வயசாவுதில்ல." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "பொண்ணாண்ட சொல்லாதீங்க. அவளே ஆபீசுக்கும் வூட்டுக்கும் அல்லாடறா. சொன்னா என்ன ஒரு வேலையும் செய்ய வுடமாட்டா, ஊருக்கு அனுப்பிடுவா."

"சரி" என்றேன்.

மறுநாள் காலையிலேயே மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சர்க்கரை பார்க்கச் சொன்னேன், கண்ணை மூடவைத்துக் காலைத் தொட்டுப் பார்க்கிற டாக்டராகப் பார்க்கச் சொன்னேன். பனிமலையில் என் ஜோடி எப்படி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அன்று ஏழு மணிக்குப் போன் வரவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மகள் மட்டும் ஒரு செய்தி போட்டிருந்தாள். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை தொடங்கியாகிவிட்டது, உங்கள் மேல் கோபமாக இருக்கிறாள்.

இருக்கட்டும். பதினோரு நாள் பேசாமல் இருந்தவன் நான், அவளுக்கு இது நாலாவது நாள்தான். சாக்ஸைக் கழற்றிவிட்டு, போனை டம்ளரில் சாய்த்துவைத்து, லைட்டுக்கு நேராகக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மணி ஏழு தாண்டிவிட்டது.