பூச்சட்டிக்கு இடப்பக்கம்

“2003, ஆவணி, ஞாயிறு. மாலையில் டிவியில் விருது விழா. எதிர்வீட்டுப் பெண் வந்திருந்தாள். கூடவே அவளுடைய கம்பெனிப் பெண்கள். யாரும் பார்க்கவில்லை.”

நாள்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்புறம் என் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. முன்புறம் தேதி இருக்கிறது. அவளை முன்னிட்டு அதை இங்கே தரவில்லை. சிவகாசியில் நாள்காட்டி அச்சிடும் அச்சகம் ஒன்றில் அப்போது பிழை திருத்துபவனாக இருந்தேன். அடுத்த ஆண்டின் அமாவாசைகளையும் முகூர்த்தங்களையும் இந்த ஆண்டே படித்து முடிக்கிற வேலை. நடந்துபோன நாட்களைக் குறித்துவைக்கும் பழக்கம் அதற்கு எதிர்வினையாக வந்திருக்கலாம்.

“யாரும் பார்க்கவில்லை” என்பதற்கு விளக்கம் தேவை. நாங்கள் எல்லாரும் டிவிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம்.

விஸ்வநத்தம் போகிற வழியில் எங்கள் தெரு. எதிர்வீட்டில் ஓர் இளம் தம்பதி, இரண்டு வயதுப் பெண் குழந்தை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் காட்டு வேலை பார்த்த குடும்பம். மழை பொய்த்தபின் பட்டாசு வேலைக்கு வந்தவர்கள். இருவருக்கும் ஒரே ஆலை. அவன் வெடிமருந்து கலக்கும் அறையில்; அவள் பூச்சட்டி அடைக்கும் அறையில். புஸ்வாணத்தைத்தான் ஆலையில் பூச்சட்டி என்பார்கள்.

அந்த ஆண்டு ஆடியில் சென்னையில் நடந்த சினிமா விருது விழாவுக்கு அவர்கள் கம்பெனியிலிருந்து ஒரு லோடு பூச்சட்டி போனது. சிறந்த நடிகர் மேடையேறும்போது படிக்கட்டின் இருபுறமும் அவை பூத்து நிற்க வேண்டும். கொளுத்துவதற்குப் போர்மேனையும் எதிர்வீட்டுக்காரனையும் அனுப்பினார்கள். திரும்பி வந்தவனை டீக்கடையில் சும்மா விடவில்லை.

“ஏலே, சினிமாக்காரன் வந்துட்டாம்ல. எந்திரிச்சு எடம் குடுங்கலே.”

“எடம் வேணாம்ணே, டீ வாங்கிக் குடுங்க. அடுத்த வருசம் எனக்கு விருது குடுக்கைல ஒங்க பேரச் சொல்லுதேன்.”

“ஒனக்கு எதுக்குலே விருது?”

“தீ பிடிச்சா அணைக்க மணல் வாளியோட குத்தவச்சதுக்குத்தான். அம்புட்டு நேரம் ஆடாம அசையாம எந்த நடிகன் குத்தவச்சான்?”

விழாக்காரர்கள் கொடுத்த கறுப்பு பனியனைப் போட்டுக்கொண்டு அவன் தெருவில் நடந்தான். டிவியில் போடும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொன்னான். இடப்பக்கம், படிக்கட்டுக்குக் கீழே, குனிந்து கொளுத்துகிற ஆள். “கேமரா என்னையத் தாண்டி ரெண்டு மட்டம் போச்சு அண்ணாச்சி. மூஞ்சி கண்டிப்பா விழுந்திருக்கும்.”

விழா நடந்த அன்றே அதை டிவியில் காட்டுவதில்லை. நடனங்களை வெட்டி ஒட்டி, விளம்பரங்கள் பிடித்து, பல வாரங்கள் கழித்துத்தான் ஒளிபரப்புவார்கள். தேதி அறிவிப்பதற்குள் ஆவணி பிறந்துவிட்டது. தீபாவளி சீசன், ஆலையில் வேலை நெருக்கடி. ஒரு காலையில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. அவன் உள்ளே இருந்தான். வாசலில் நின்ற போர்மேன் தீக்காயங்களோடு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்.

அவனைத் துணியில் கட்டித்தான் கொடுத்தார்கள். முகத்தைப் பிரிக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் கேட்டாள், கெஞ்சினாள், அவன் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிரிக்கவில்லை. அது நல்லதற்குத்தான் என்று எல்லாரும் சொன்னோம். வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு கல்யாணப் படம். அதிலும் அவன் மாலை கனத்துத் தலையைக் குனிந்திருந்தான்.

ஒளிபரப்பு நாளை அவள்தான் எங்களுக்குச் சொன்னாள். பக்கத்து வீட்டு டிவியில் விளம்பரம் ஓடியதைச் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறாள். கருமாதி இன்னும் ஆகவில்லை. கொல்லை வழியாக வந்து, என் மனைவியிடம் பேசாமல் என்னிடம் கேட்டாள்.

“அண்ணாச்சி, ஞாயித்துக்கெளம நான் ஒங்க வீட்டுக்கு வரட்டுமா? ஒரு மட்டம் பாத்துட்டுப் போயிருதேன்.”

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி சொன்னாள். “இதுக்கு என்ன கேள்வி தாயி? கொல்லைக் கதவு தெறந்தே இருக்கும்.”

தெருவில் பேச்சு வராமல் இல்லை. துக்கம் கழியுமுன்னே சினிமா கேக்குதோ என்றார்கள். அவளோடு வேலை பார்த்த பெண்கள்தான் அதை அடக்கினார்கள். அவர்களில் மூத்தவள் குழாயடியில் சத்தம் போட்டது எங்கள் வீட்டுக்குள் கேட்டது. “மொகம் பாக்காம அனுப்புனவடீ அவ. ஒனக்கு என்ன நோவுது? ஞாயித்துக்கெளம நானும் போறேன், வந்து கேளு!” அப்படித்தான் அவர்களும் வந்தார்கள். ஆளுக்கு இரண்டு கண் இருக்கிறது, ஒருத்தி தவறவிட்டால் இன்னொருத்தி பார்ப்பாள் என்பது அவர்கள் கணக்கு.

விழா நீண்டது. தொகுத்தளித்தவர்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்தார்கள். நகைச்சுவை நடிகர் ஒருவர் பேசியதற்கு ஒரு பெண் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்வீட்டுப் பெண் எதற்கும் அசையவில்லை. மடியில் குழந்தையை டிவியைப் பார்க்கத் திருப்பி உட்காரவைத்திருந்தாள். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அவள் கேட்டது ஒன்றுதான். “முடிஞ்சிருச்சா மதினி?” “இல்ல தாயி, இனிமேத்தான்.”

சிறந்த நடிகரின் பெயரை அறிவித்தார்கள். அவர் எழுந்தார், யார் யாரையோ கட்டிப்பிடித்தார், படிக்கட்டுக்கு வந்தார். இருபுறமும் பூச்சட்டிகள் எழுந்தன.

“வெள்ளிப் பொறி நல்லா நிக்குதுடீ.”

“ஒசரம் பாரு, ஆள் ஒசரத்துக்கு மேல போகுது.”

“வலதுல ஒண்ணு பிந்திருச்சு.”

கடைசியாகச் சொன்னது எதிர்வீட்டுப் பெண். அவள் கை அந்த ஒன்றை நோக்கி நீண்டிருந்தது. அதற்குள் பூச்சட்டிகள் அடங்கின; காட்சி மாறிக் கீழே கைதட்டுகிறவர்களைக் காட்டினார்கள்; நடிகர் தன் தாய்க்கு நன்றி சொல்லத் தொடங்கினார்.

குழாயடியில் சண்டை போட்ட மூத்தவள்தான் மெதுவாகக் கேட்டாள். “ஆளப் பாத்தீகளா யாராச்சும்?”

ஒருத்தியும் பார்க்கவில்லை. ஆலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவது, நெருப்புப் பிடித்தால் அதிலிருந்து கண்ணை எடுக்காதே, அது எந்தப் பக்கம் பாய்கிறது என்று பார்த்துவிட்டு ஓடு என்பதுதான். ஆண்டுக்கணக்கில் அப்படிப் பழகிய கண்கள். பொறி பறந்ததும் எல்லாம் ஒன்றாக அதன் மேலேயே போய்விட்டன. எதிர்வீட்டுப் பெண்ணின் கண்ணும் அங்கேதான் போனது. நான் ஆலையில் வேலை பார்த்தவன் இல்லை. நான் நடிகரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எடது பக்கம் கறுப்பா ஒரு ஆள் குனிஞ்சிச்சு” என்றாள் என் மனைவி.

எதிர்வீட்டுப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “மொகம் தெரிஞ்சுச்சா மதினி?”

“தெரிஞ்சுச்சு தாயி.”

“எப்பிடி இருந்தாக?”

என் மனைவி குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நல்லாத்தான் இருந்தாக.”

எதிர்வீட்டுப் பெண் அழவில்லை. “நான் சட்டியப் பாத்துட்டேன் மதினி,” என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். குழந்தை பூ வரும் என்று இன்னும் டிவியைக் காட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் அவளைக் கொல்லை வழியாகக் கூட்டிப்போனார்கள்.

அந்தக் காட்சியை அவளுக்கு மறுபடி காட்ட நான் முயன்றேன். கேபிள்காரர் தன்னிடம் பதிவு இல்லை என்றார். மறு ஒளிபரப்பு ஒரு புதன்கிழமை வந்தது. பாதியாகக் குறைத்திருந்தார்கள், நடிகர் மேடையில் நிற்பதிலிருந்தே அது தொடங்கியது. டிவி நிலையத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன்; பதில் இல்லை. கருமாதி முடிந்ததும் அவள் அதே ஆலைக்கு, அதே அறைக்கு வேலைக்குப் போனாள். சீசனில் பூச்சட்டி ஆர்டர் அதிகம். போகும்போதும் வரும்போதும் என் முகத்தைப் பார்ப்பாள். பதிவு கிடைக்கவில்லை என்று தலையசைப்பேன். தீபாவளிக்குப் பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

தை மாதம் போர்மேன் ஊர் திரும்பினார். ஒரு காது சுருங்கியிருந்தது. அவர் வீட்டுக்குப் போய், அன்று இடப்பக்கம் கொளுத்தியது யார் என்று கேட்டேன்.

“அவந்தான் எடது, நான் வலது. ஒத்திகைல அப்பிடித்தான் நின்னோம்” என்றார். பிறகு யோசித்தார். “ஆனா கடைசி நேரத்துல ஒருத்தர் வந்து, உயரமான ஆளு கேமராவ மறைக்கான், பக்கம் மாறுங்கன்னு சொன்னாரு அண்ணாச்சி. மாறுனோமா, அதுக்குள்ள பேரச் சொல்லிட்டாங்களா... நெனவு வரமாட்டேங்குது. பனியன் எனக்கும் கறுப்புத்தான்.”

இதை எதிர்வீட்டில் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொன்னேன். “நான் பாத்தேன்னு சொல்லியாச்சுல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள். நான் மேலும் கேட்கவில்லை. இரண்டாண்டுகளில் எதிர்வீட்டுப் பெண் குழந்தையோடு ஏழாயிரம்பண்ணைக்கே போய்விட்டாள்.

அன்று இடப்பக்கம் குனிந்தவர் அவன்தானா, அவன் முகம் திரையில் விழுந்ததா என்பதை இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.